மறுபடியும் கடலில் இறங்கினார்

கொல்கத்தாவில் காளி கோயில் இருக்கும் இடம் காளிகாட். ‘காட்’ என்றால் படித்துறை. அந்த நகரில் படித்துறைகள் பல உண்டு. அவற்றில் ஒன்று சம்பாத்தலா காட்.

4 வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே வீட்டுப் பெரியவருடன் குளிக்க வருவாள். அங்கேயே நீந்தக் கற்றாள். அவள் பெயர் ஆர்த்தி சாகா. 1940இல் பிறந்தவள். சிறு வயதிலேயே தாயை இழந்தாள். பாட்டி வளர்த்தார்.

1952இல் பின்லாந்து நாட்டில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. 11 வயதில் ஆர்த்தி அதில் நீந்தினார். பிறகு பெரிய ஆசை ஒன்று வந்தது. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க வேண்டும்!

பெயர்தான் கால்வாய். உண்மையில் அது கடல். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ளது. மிகக் குறுகிய இடத்திலேயே அகலம் சுமார் 33 கிலோமீட்டர். தண்ணீர் மிகவும் குளிரும். நீரோட்டம் ஆளை இழுக்கும்.

1959 ஆகஸ்டு 27. ஆர்த்தி பிரான்ஸ் கரையில் காத்திருந்தார். துணைப் படகு 40 நிமிடம் தாமதமாக வந்தது. நீந்துவதற்கு ஏற்ற நேரம் தவறியது. ஆனாலும் பல மணி நேரம் நீந்தினார். இங்கிலாந்துக் கரை நெருங்கியது. அப்போது நீரோட்டம் எதிர்த்தது. முன்னேற முடியவில்லை. படகோட்டி வற்புறுத்தினார். ஆர்த்தி படகில் ஏறினார்.

ஆனால் ஆசையை விடவில்லை. 33 நாள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, அதே கடலில் மறுபடியும் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்தினார். நீரோட்டத்தால் வளைந்து வளைந்து சென்ற தூரம் 42 மைல். கரை ஏறினார்! இந்தக் கடலை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். அப்போது வயது 19. 1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1994இல் காலமானார்.

துணிச்சல் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. ஆர்த்தி பயிற்சி பெற்றவர். துணைப் படகுடன் போனார். முடியாதபோது படகில் ஏறினார். அதனால்தான் மறுபடி முயல முடிந்தது. நிறுத்துவது தோல்வி அல்ல. திரும்ப முயலாமல் இருப்பதே தோல்வி.

மன உறுதி பிறவியில் வருவது அல்ல. மண்வெட்டி பிடிக்கப் பிடிக்கக் கை காய்த்துப் போகிறது. பிறகு வலிப்பதில்லை. மனமும் அப்படித்தான். கஷ்டத்தைத் தாண்டத் தாண்ட உரம் ஏறும்.

முதன்முதலில் எழுத்துக் கூட்டியபோது உங்கள் நாக்கும் தடுமாறியது அல்லவா? இன்று இந்தப் பாடத்தையே படித்துவிட்டீர்கள்!

பேசுவோம்:
1. ஆர்த்தி முதல் முறை ஏன் கரை சேரவில்லை?
2. நீங்கள் பாதியில் விட்ட வேலை எது? அதை மறுபடி தொடங்க என்ன வேண்டும்?