குலுக்கல் வேறு, அடையாளம் வேறு
எக்ஸ்எஸ்எல்டி கேள்வி-பதில்

கே: ஃபார்-ஈச்சுக்குள் ஒரு வேரியபிளை வைத்து ஒவ்வொரு சுற்றிலும் 1 கூட்டுகிறேன். கடைசிவரை 1-லேயே நிற்கிறது. எங்கே தவறு? (வாசகர், கோவை)

ப: சுற்று என்று ஒன்று இருந்தால்தானே? ஃபார்-ஈச் லூப் அல்ல. நூறு நோடுகளைக் கொடுத்தால் நூற்றுக்கும் தனித்தனியே விடை கண்டு வரிசையாக அடுக்கித் தரும். ஒன்றில் நடந்தது அடுத்ததற்குத் தெரியாது. வேரியபிளுக்கு ஒருமுறை மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான். 1999-ல் வந்த 1.0 முதல் 2017-ல் வந்த 3.0 வரை இதில் மாற்றமில்லை. வரிசை எண் மட்டும் போதுமென்றால் பொசிஷன் ஃபங்ஷன் இருக்கிறது. முந்தைய கணக்கை அடுத்ததற்குக் கடத்தியே ஆகவேண்டும் என்றால் 3.0-வில் ஐட்டரேட் இருக்கிறது. ஜாவாவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு உட்காருங்கள்.

கே: வரிசை எண்ணுக்குப் பொசிஷன் போட்டுப் பார்த்தேன். 2, 4, 6 என்று வருகிறது. (வாசகர், ஈரோடு)

ப: டேக்குகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடமும் டெக்ஸ்ட் நோடுதான், அதையும் சேர்த்து எண்ணுகிறது. அப்ளை-டெம்ப்ளேட்ஸில் செலக்ட் எழுதுங்கள்.

கே: வகுப்பில் 40 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் கேள்விகள் வேறு வேறு வரிசையில் வரும்படி வினாத்தாள் தயாரிக்க நினைத்தேன். ரேண்டம்-நம்பர்-ஜெனரேட்டர் ஃபங்ஷனைப் பயன்படுத்தியும் 40 தாளிலும் ஒரே வரிசை! (ஆசிரியை, மதுரை)

ப: நல்ல காரியம்தான் செய்கிறீர்கள், ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அடைப்புக்குறிக்குள் எதுவும் தராமல் அழைத்திருப்பீர்கள். ஒரே ஓட்டத்தில் அப்படி எத்தனை முறை அழைத்தாலும் அதே விடைதான் வரும், விதிமுறையே அதுதான். நடப்பு நேரத்தை உள்ளே கொடுத்தாலும் தப்ப முடியாது. கரண்ட்-டேட்டைமும் ஓட்டம் முடியும்வரை ஒரே நேரத்தைத்தான் சொல்லும்.

ஆளுக்கு ஒரு விதை (ஸீட்) கொடுங்கள். தேர்வுத் தேதியையும் மாணவரின் பதிவெண்ணையும் ஒட்டி ஒரு சரமாக்கி உள்ளே அனுப்பினால், திரும்பி வரும் மேப்பில் மூன்று இருக்கும்: 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு நம்பர், அடுத்த ஜெனரேட்டரைத் தரும் நெக்ஸ்ட், பட்டியலைக் கலைத்துத் தரும் பெர்மியூட். உங்களுக்கு வேண்டியது கடைசியாகச் சொன்னதுதான், கேள்விகளை அதனிடம் கொடுத்துவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பிள்ளை தாளைத் தொலைத்துவிட்டால் அதே விதையைக் கொடுத்து அதே தாளை மறுபடி அச்சிடலாம். விடைக்குறிப்பையும் அதே வரிசையில் எடுக்கலாம். பிராசஸரை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள். ஒரே விதைக்கு எல்லாப் பிராசஸரும் ஒரே வரிசையைத் தரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

கே: ஜாவாவின் யூயூஐடி மெத்தடை ஸ்டைல்ஷீட்டிலிருந்தே அழைக்கிறேன். சில சமயம் எல்லா வரிக்கும் ஒரே மதிப்பு விழுகிறது. ஆபீஸ் கணினியில் ஓடவே மறுக்கிறது. (வாசகர், சென்னை)

ப: வரிக்கு வரி மாறும் எதையும் அந்த அழைப்புக்கு நீங்கள் தரவில்லை. ஒருமுறை கூப்பிட்டால் போதாதா என்று ஆப்டிமைசர் அதை வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது. அதன் மேல் குற்றமில்லை. ஆபீஸில் இருப்பது சாக்ஸன் பிராசஸரின் இலவசப் பதிப்பாக இருக்கும். அதில் ஜாவா மெத்தடை இப்படி நேரடியாக அழைக்க முடியாது.

கே: பதிப்பகங்களுக்கு ஈபப் மின்னூல் செய்து தருகிறோம். ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் புத்தகத்துக்கும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பத்திக்கும் புத்தம்புதிய ஐடி வரவேண்டும். ஜெனரேட்-ஐடி போதுமா? (வாசகர், புதுச்சேரி)

ப: எதற்கு ஐயா புதிதாக வரவேண்டும்? இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்குத் தேவை ஒன்றோடொன்று மோதாத ஐடி. கேட்பதோ குலுக்கல் சீட்டு. ஜெனரேட்-ஐடி தரும் வாக்குறுதி சிறியது: ஒரே ஓட்டத்துக்குள் ஒரே நோடுக்கு ஒரே பதில், வேறு நோடுக்கு வேறு பதில். சாக்ஸனில் டி1இ25 என்ற மாதிரி ஏதோ வரும். மேலே ஒரு பத்தியைச் செருகிவிட்டு நாளைக்கு ஓட்டினால் அதே இடத்துக்கு டி1இ29 வரலாம். மூலக் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் ஐடியோடு மோதாது என்ற உறுதிகூட அதில் கிடையாது.

விளைவைப் பாருங்கள். ஒரு காற்புள்ளியைத் திருத்தி மறுபடி தயாரிக்கிறீர்கள். பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டால் ஆயிரம் வரி மாறியதாகக் காட்டும். அந்தக் காற்புள்ளியை எங்கே போய்த் தேடுவது? வெளியிலிருந்து ஒரு பத்திக்குக் கொடுத்த இணைப்பு அறுந்துபோகும். டாக்புக் ஸ்டைல்ஷீட்டுகளில் இதே தொல்லை இருந்ததால்தான், ஐடிகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாமல் இருக்க ஒரு தனி பாராமீட்டரே சேர்த்தார்கள். புத்தகத்தின் ஐடியை மாற்றுவது அதைவிட மோசம். வாசிப்புச் செயலி அதை வேறொரு புத்தகம் என்று எடுத்துக்கொண்டால் வாசகர் போட்ட அடிக்கோடும் குறிப்பும் போச்சு. சிறு திருத்தங்களுக்குப் புத்தக ஐடியைத் தொடாதே, திருத்திய நேரத்தை மட்டும் மாற்று என்பதுதான் ஈபப் 3 சொல்லும் முறை.

ஐடியைத் தரவிலிருந்தே எடுங்கள். அத்தியாயத்துக்கு ஆசிரியர் குழு கொடுத்த குறியீடு இருக்கும். அதோடு அத்தியாயத்துக்குள் பத்தியின் எண்ணை ஒட்டினால் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாது, ஓர் அத்தியாயத்தைத் திருத்தினால் மற்றவை அசையாது. நடுவில் பத்தி செருகினாலும் மாறக்கூடாது என்றால் மூலக் கோப்பிலேயே ஐடியை ஒருமுறை எழுதி நிரந்தரமாக்கிவிடுங்கள். புத்தகத்துக்கு யூயூஐடிதான் வேண்டுமென்றால் ஐந்தாம் வகையை எடுங்கள், ஒரே பெயருக்கு என்றைக்கும் ஒரே மதிப்பு. அதை வெளியே கணக்கிட்டு ஸ்டைல்ஷீட்டுக்குப் பாராமீட்டராக அனுப்பினால் முடிந்தது.

கே: எக்ஸ்எஸ்எல்டியிலேயே பயனர்களுக்குப் பாஸ்வேர்டு உருவாக்கலாமா? (வாசகர், திருச்சி)

ப: கூடாது.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு: எந்தப் பிராசஸர், எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். அது இல்லாத கடிதங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.