எல்லாருக்கும் கொடுத்தால் வீணா?

அன்பு மகளே,

ஆசிரியர் கல்விக் கழகத்தில் கட்டுரை எழுத வேண்டும் என்று சொல்லி ஒரு கேள்வி கேட்டாய். "சார், டாக்டர் பிள்ளைக்கும் 150 வெள்ளி, ஜெலுத்தோங் மார்க்கெட்டில் மூட்டை தூக்குறவர் பிள்ளைக்கும் 150 வெள்ளி. டாக்டர் வீட்டுக்குப் போறது வீண்தானே? அதையும் சேர்த்து ஏழைக்கே கொடுத்தா என்ன?"

இந்தப் பேச்சைக் காப்பிக் கடையிலும் கேட்டிருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். அங்கெல்லாம் கேட்டபோது எரிச்சலோடு விட்டுவிட்டேன். வகுப்பறைக்குள் போகப்போகிற உன் வாயிலிருந்து வந்தபோது விட முடியவில்லை.

நீ சொன்ன அந்த 150 வெள்ளி, அரசு கொடுக்கும் பள்ளி தொடக்க உதவித்தொகை. அது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது வந்த வழியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். மலேசியாவின் 2012 வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு அறிவிப்புகள் சேர்ந்து வந்தன. தொடக்கப்பள்ளியில் 24 வெள்ளி 50 காசும் இடைநிலைப்பள்ளியில் 33 வெள்ளி 50 காசுமாக வாங்கிவந்த கட்டணம் ரத்தானது. கூடவே முதலாம் ஆண்டு முதல் படிவம் 5 வரை எல்லா மாணவர்க்கும் 100 வெள்ளி என்றார்கள். 53 லட்சம் பிள்ளைகளுக்கு 53 கோடி வெள்ளி. பிறகு "தேவைப்படுவோர்க்கு மட்டும்" என்று சொல்லி, குடும்ப வருமானம் மாதம் 3,000 வெள்ளிக்குள் இருந்தால்தான் உண்டு என்று கோடு போட்டார்கள். 2023-இல் எல்லா மாணவர்க்கும் 150 வெள்ளி என்று சொல்லி அந்தக் கோட்டை அழித்தார்கள். 2025-இல் படிவம் 6 மாணவர்களும் சேர்ந்தார்கள். நாடே உன் கேள்விக்கு ஒருமுறை 'ஆமாம்' என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. இதை முதலில் குறித்துக்கொள்.

அந்த 3,000 வெள்ளிக் கோட்டை நம் பினாங்கு ஜெலுத்தோங்கில் வைத்துப் பார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் அப்பா ஒருவர். அடிப்படைச் சம்பளம் கோட்டுக்குக் கீழே. ஓவர்டைம் கிடைத்த மாதம் கோட்டுக்கு மேலே. எந்த மாதத்துச் சம்பளச் சீட்டைக் கொண்டுவருவார்? ஒரே பிள்ளையை வைத்திருக்கும் 2,900 வெள்ளிக்காரருக்கு உதவி உண்டு. நான்கு பிள்ளைகளோடு திணறும் 3,050 வெள்ளிக்காரருக்கு இல்லை. கோடு குடும்பத்தைப் பார்க்கிறது. அதில் எத்தனை வாய் என்று பார்ப்பதில்லை. மார்க்கெட்டில் நாள்கூலி வாங்குகிறவருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்து வாங்க அவர் அரைநாள் கூலியை விட வேண்டும். கணவன் விட்டுப்போன பெண், அவன் வருமானத்துக்கு என்ன சான்று காட்டுவாள்? சல்லடை போடுகிறோம் என்கிறார்கள். சலிக்கும் வேலையைச் செய்வது அரசு அல்ல. ஏழைதான் தன் நேரத்தைக் கொடுத்துத் தன்னையே சலித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஃபாரத்தை ஒழுங்காக நிரப்பத் தெரிந்தவர் உள்ளே வருவார், தெரியாதவர் வெளியே நிற்பார். தெரியாதவர்தான் பெரும்பாலும் அதிகம் தேவைப்பட்டவர்.

உதவித்தொகையைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் பாடநூல் இரவல் திட்டம். அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டு படி.

1973-இல் முராட் முகமது நோர் தலைமையிலான குழு, பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளியை விடுகிறார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. வறுமைக்கும் இடைநிற்றலுக்கும் உள்ள தொடர்பை அது வெளிச்சமாகக் காட்டியது. 1975-இல் இரவல் திட்டம் வந்தது. முதலில் அது வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும். பெற்றோர் வருமானம் கேட்டு ஃபாரம் வரும். சில பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய புத்தகம், சில பிள்ளைகளுக்கு இரவல் புத்தகம். "யார் யாருக்கு இரவல்? கை தூக்கு" என்று வகுப்பில் கேட்டபோது தயங்கித் தயங்கி எழுந்த கைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் விலை தெரியும். கை தூக்காமலே இருந்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்தே ஆண்டை ஓட்டிய பிள்ளையும் உண்டு.

2008-இல் வருமான நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் புத்தகம். என்ன ஆயிற்று? யாருடைய புத்தகம் இரவல் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. உன் தலைமுறை அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. புத்தகத்தின் உள்பக்கத்தில் சென்ற ஆண்டு யார் படித்தார்கள், அதற்கு முன் யார் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் டாக்டர் மகனும் இருப்பான், மூட்டை தூக்குகிறவர் மகளும் இருப்பாள். பெயரைப் பார்த்து யார் யாரென்று சொல்ல முடியாது. பணமாகக் கொடுத்திருந்தால் வீட்டு வாடகையிலோ மின்சாரக் கட்டணத்திலோ கரைந்திருக்கும். அதற்காகப் பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. புத்தகம் புத்தகமாகவே வந்து, ஆண்டு முடிவில் திரும்பி, அடுத்த பிள்ளைக்குப் போகிறது. இந்த நாட்டில் பள்ளிச் செலவுக்காகச் செய்த உதவிகளில் இதற்கு ஈடு வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. டாக்டர் மகனுக்கும் இரவல் புத்தகம் கொடுப்பது வீண் என்று இன்றைக்கு யாராவது சொல்கிறார்களா? அப்படியானால் 150 வெள்ளிக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

தயங்கி எழுந்த கைகளின் வெட்கத்தைப் பற்றிச் சொன்னதால் ஒரு நூலையும் சொல்லிவிடுகிறேன். ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலைச் சந்தையைப் புகழ்கிற நூல் என்று மேற்கோள் காட்டுகிறார்களே ஒழிய, ஐந்தாம் பகுதியில் வரி பற்றிப் பேசுமிடம் வரை படிக்கிறவர் குறைவு. அங்கே அவர் அத்தியாவசியப் பொருள் எது என்று கேட்கிறார். பழைய கிரேக்கரும் ரோமரும் லினன் சட்டை இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்தில் கூலிக்காரன்கூட அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான், ஆகவே அது அத்தியாவசியம் என்கிறார். தோல் காலணி இங்கிலாந்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அத்தியாவசியம், ஸ்காட்லாந்தில் ஆணுக்கு மட்டும், பிரான்சில் இருவருக்கும் இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லிப் போகிறார். அமர்த்தியா சென் 1983-இல் இதையே எடுத்து, வெட்கப்பட நேராமல் ஊருக்குள் நடமாட முடிவது மனிதருக்கு வேண்டிய ஓர் இயலுமை என்று வாதாடினார். 1995-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், ஏழையை மட்டும் பொறுக்கியெடுத்து உதவும் முறைக்கு என்னென்ன விலை உண்டு என்று வரிசைப்படுத்தினார்: தவறான தகவல், அவமானம், நிர்வாகச் செலவு, அந்தரங்கத்தில் தலையீடு. உன் கட்டுரைக்கு முன் அதைப் படிக்க வேண்டும். படிக்காமல் எழுதினால் திருப்பி அனுப்புவேன்.

நம் ஊர் லினன் சட்டை பள்ளிக் காலணி. வெள்ளைக் காலணி இருந்த காலத்தில் ஒரே ஜோடி வைத்திருந்த பிள்ளைக்கு மழைநாள் பெரிய சோதனை. 2018-இல் கறுப்புக் காலணிக்கு மாறலாம் என்று அறிவித்தபோது எத்தனை கேலி! கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலை என்றார்கள். துவைத்துக் காயாத வெள்ளைக் காலணிக்காகப் பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளையைத் தெரியாதவர்களின் பேச்சு அது.

சாப்பாட்டில்தான் நாம் இன்னும் சலித்துக்கொண்டிருக்கிறோம். 1979-இல் தொடங்கிய கூடுதல் உணவுத் திட்டம் இன்றும் வசதி குறைந்த பிள்ளைகளைப் பட்டியலிட்டே நடக்கிறது. 2020-இலிருந்து எல்லாத் தொடக்கப்பள்ளி மாணவர்க்கும் இலவசக் காலை உணவு என்று 2019-இல் அறிவித்தார்கள். அறிவித்தபடி எல்லாருக்குமாக அது நடக்கவில்லை. தமிழ்நாட்டைப் பார். 1920-இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-இல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவில், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை அரசுப் பள்ளியில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். அப்பன் சம்பளம் யாரும் கேட்பதில்லை. நெ.து. சுந்தரவடிவேலுவின் 'நினைவு அலைகள்' கிடைத்தால் படி. காமராசர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த அவர், உணவையும் சீருடையையும் பாடத்திட்டத்தைப் போலவே கல்வி அதிகாரியின் வேலையாக நினைத்தவர். அந்த நினைப்பைத்தான் உன்னிடம் எதிர்பார்க்கிறேன்.

பணம் குறைவாக இருக்கும்போது சிலருக்கு அதிகம் கொடுப்பதே சரி என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகச் செலவு பெரிது. அங்கே தேவை பார்த்துக் கொடுப்பது சரி. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்விக்குக் கொடுக்கும் உதவியும் அப்படித்தான் இருக்க வேண்டும். பதினெட்டு வயதானவர் தனக்காகத் தானே விண்ணப்பிக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது. அதிலும், 2003 முதல் தொடக்கக் கல்வியைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை உண்டு. வா என்று கட்டளையிட்டுவிட்டு, வருவதற்கான செலவுக்கு ஏழ்மையை நிரூபி என்பது எந்த ஊர் நியாயம்? டாக்டர் கட்டும் வரியில் அவர் பிள்ளையின் 150 வெள்ளி திரும்ப வந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் வருமான வரி அலுவலகம் இருக்கிறது. பள்ளி அலுவலகம் அதற்கல்ல.

இனி நீ செய்ய வேண்டியது. உணவுத் திட்டப் பட்டியலை வகுப்பில் சத்தமாக வாசிக்காதே. பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடையைப் பிள்ளையிடம் கேட்காதே. அது கட்டாயமில்லை, பெரியவர்களுக்கு இடையிலான விஷயம். எல்லாரும் இந்தப் பயிற்சி நூலைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லுமுன் அதன் விலையைப் பார். பிறப்புப் பத்திரமும் குடியுரிமையும் இல்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால், "எல்லாருக்கும்" என்ற சொல் அதைத் தொடவில்லை என்று தெரிந்துகொண்டு, தலைமையாசிரியரோடு அந்தக் குடும்பத்தைப் பதிவிலாகாவுக்கு அனுப்பி வைக்கும் வரை ஓயாதே.

கட்டுரை எழுதுமுன் ஜாலான் ஜெலுத்தோங்கில் சீருடை விற்கும் கடைக்கு ஒரு தாளோடு போ. இரண்டு செட் சீருடை, காலணி, காலுறை, பை, சீருடை இயக்கத்து உடை, எழுதுபொருள், ஒரு மாத வேன் கட்டணம் என்று ஒவ்வொன்றின் விலையையும் எழுதிக் கூட்டு. அதில் 150-ஐக் கழி. மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, டாக்டர் வீட்டுக்குப் போகும் பணத்தைப் பற்றி எழுதுவதா, அந்த மிச்சத்தைப் பற்றி எழுதுவதா என்று முடிவு செய்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்
ஜெலுத்தோங்