கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வரியா?

கேள்வி: சாலைக் கடைவீதியில் தாத்தா விட்டுச்சென்ற பழைய கட்டடம் எங்களுடையது. கீழே கடை, மேலே நாங்கள். வில்லேஜ் ஆபீஸில் வருடாவருடம் கரம் கட்டுகிறோம். மாநகராட்சியும் வரி கேட்கிறதே, இரண்டும் ஒன்றில்லையா?

– வாசகர், திருவனந்தபுரம்

பதில்: இல்லை. வில்லேஜ் ஆபீஸில் கட்டுவது நிலத்துக்கான வரி. வருவாய்த் துறைக்குப் போகிறது. மாநகராட்சி கேட்பது கட்டடத்துக்கான சொத்து வரி, அரையாண்டுக்கு ஒருமுறை. தாசில்தார் விதிக்கும் கட்டட வரி மூன்றாவது. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிதாகக் கட்டும்போது ஒரே தடவை வருவது அது.

சொத்து வரி இன்று வாடகையை வைத்து அல்ல, தளப்பரப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இடம், சாலை வசதி, கூரை, கட்டடத்தின் வயது எல்லாம் தொகையை மாற்றும். கடைக்கான விகிதம் வீட்டுக்கானதைவிட அதிகம். அதனால் உங்கள் நோட்டீஸில் முதலில் பார்க்க வேண்டியது, மாடி வீடாகப் பதிவாகியிருக்கிறதா, கட்டடத்தின் வயது சரியா என்பதைத்தான். பழைய கட்டடத்துக்குச் சலுகை உண்டு, கேட்காமல் விடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் ஆண்டுதோறும் 5 சதவீதம் கூடுகிறது என்பதால், இன்றைய தவறு வளர்ந்துகொண்டே போகும்.

தாத்தா பெயரிலேயே இருந்தால் உரிமை மாற்றத்தையும் முடித்துவிடுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். 2021-இல் இந்த மாநகராட்சியின் சில மண்டல அலுவலகங்களிலேயே வரிப்பணக் கையாடல் வெளியானது. ஆன்லைனில் கட்டி, நிலுவை நீங்கியதா என்று அங்கேயே சரிபாருங்கள்.