மின்னஞ்சலும் அந்தரங்க உரிமையும்

இந்தியாவில் 1879-ஆம் ஆண்டு அஞ்சலட்டை அறிமுகமானது. அதில் எழுதியதை வழியில் எவரும் படிக்கலாம் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். எனவே நலம் விசாரிக்க அட்டையையும், கடன், நோய், திருமணப் பேச்சு போன்றவற்றுக்கு ஒட்டிய உறையையும் பயன்படுத்தினர். மின்னஞ்சலில் இவ்வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை. கடவுச்சொல் இருப்பதால் மடல் பாதுகாப்பாக உள்ளது எனக் கருதுகின்றனர். கடவுச்சொல் அஞ்சல் பெட்டியின் பூட்டு மட்டுமே. அது மடலின் உறை அன்று.

மடல் செல்லும் வழி

மின்னஞ்சல், அனுப்புபவருக்குச் சேவை அளிக்கும் நிறுவனத்தின் கணினி வழியாகப் பெறுபவரின் நிறுவனக் கணினியை அடைகிறது. இடைவழியில் அதைச் சங்கேத வடிவில் அனுப்பும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. ஆயினும், நிறுவனக் கணினியில் தங்கியுள்ள மடலை அந்நிறுவனத்தாலும், கணக்கினுள் கள்ளத்தனமாக நுழைபவராலும் படிக்க இயலும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க இயலாதவாறு மடலையே சங்கேதமாக மாற்றுவதுதான் முழுமையான மறையாக்கம்.

இரு சாவிகள்

பழைய சங்கேத முறைகளில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி பயன்பட்டது. அச்சாவியை மறைவாகக் கொண்டு சேர்ப்பதே பெரும் இடர்ப்பாடாக இருந்தது. 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் இதற்குத் தீர்வு காட்டினர். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் இரு சாவி முறை ஒன்றை உருவாக்கினர். இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்குத்தொகையிலிருந்து அவ்வெண்களைக் கண்டறிவது மிகக் கடினம். இதுவே அம்முறையின் அடிப்படை.

பொதுச் சாவியை எவருக்கும் தரலாம்; அதைக் கொண்டு பூட்டிய மடலைப் பெறுபவரின் தனிச் சாவியே திறக்கும். 1991-இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி மென்பொருள் இவ்வசதியைத் தனிமனிதருக்கும் கிட்டச் செய்தது.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதை இது மறைப்பதில்லை. மடலின் தலைப்பு வரியும் பெரும்பாலும் வெளிப்படையாகவே செல்கிறது. தனிச் சாவி தொலைந்தால் பழைய மடல்களைத் திறக்க இயலாது. பிறர் தம் சாவியை நண்பரின் சாவி எனக் காட்டி ஏமாற்றலாம். ஆகவே நேரிலோ தொலைபேசியிலோ சரிபார்த்தல் அவசியம்.

சட்டத்தின் நிலை

புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் எந்த உரிமையும் வரம்பற்றதன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு உள்ளிட்ட குறிப்பிட்ட காரணங்களுக்காகச் செய்திகளை இடைமறிக்கவும் சங்கேதத்தை நீக்கவும் ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. ஒத்துழைக்க மறுப்போருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதே சட்டத்தின் 84-ஏ பிரிவு, மறையாக்க முறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது.

இவ்விரண்டையும் சமன் செய்வது எளிதன்று. 2015 செப்டம்பரில் வெளியான தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு, செய்திகளின் மூல வடிவைக் குடிமக்களும் 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் அவ்வரைவு உடனே திரும்பப் பெறப்பட்டது. குற்றவாளி ஒளியக்கூடாது என்பதற்காக அனைவரின் உறையையும் பிரித்து வைக்கச் சொன்னால், அந்த மூலப் பிரதிகளே திருடர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்பதே இதிலுள்ள இடர்.

நோயாளி மருத்துவருக்கும், கட்சிக்காரர் வழக்கறிஞருக்கும் அச்சமின்றி எழுத இயல வேண்டும். உறையை ஒட்டுவது குற்றத்தின் அடையாளமன்று. அதைப் பிரிக்க வேண்டிய தேவை எழுந்தால், சட்டம் வகுத்த நடைமுறைப்படி, காரணம் எழுத்தில் பதிவான ஆணையின் பேரில் மட்டுமே பிரிப்பது அரசின் கடமையாகும்.