தோற்பதற்கும் பணம் வேண்டும்

வாசகர் கேள்விகளுக்கு உயிர்மருத்துவப் பொறியியல் வல்லுநரின் பதில்கள்

கேள்வி: என் அம்மாவுக்குப் பொருத்திய இதய வால்வு ‘சித்ரா வால்வு’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. அரசுப் பணத்தில், நம் நாட்டிலேயே உருவானது என்கிறார்கள். இதெல்லாம் தனியார் கம்பெனிகள் செய்ய வேண்டிய வேலை இல்லையா? அரசு ஏன் செலவு செய்ய வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ராத்திரி வீடு அடங்கிய பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் ‘டிக், டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்கலாம். பயப்பட வேண்டாம். வால்வுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வட்டத் தகடு ஒவ்வொரு துடிப்புக்கும் சாய்ந்து திறந்து மூடுகிற ஓசை அது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால், வருஷத்துக்கு ஏறக்குறைய 3.8 கோடி தடவை. அத்தனைக்கும் அது தேயக் கூடாது, உடையக் கூடாது. (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை அம்மா ஒரு நாள்கூட விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் தள்ளிப் போடாதீர்கள்.)

இதை உருவாக்கியது திருவனந்தபுரத்தில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம். முன்னின்று நடத்தியவர் அங்கே இயக்குநராக இருந்த இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான். இந்த வால்வு இங்கே தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கும் ரூமாட்டிக் காய்ச்சல், கவனிக்காமல் விட்டால் வால்வைக் கெடுத்துவிடும். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வருகிற நோய் இது. இறக்குமதி வால்வின் விலையோ அந்தக் குடும்பங்களுக்கு எட்டாதது.

முதல் மாதிரியில் தகட்டைத் தாங்கும் கம்பி, பற்றவைத்த இடத்தில் முறிந்தது. பிறகு செயற்கை நீலக்கல்லில் தகடு செய்தார்கள். ஆட்டுக்குப் பொருத்திய வால்வில் அந்தத் தகடு உடைந்து ஆடு இறந்துபோனது. கடைசியில் கோபால்ட்–குரோமியம் உலோகக் கலவையில் சட்டம், மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎதிலீனில் தகடு என்று நான்காவது மாதிரியில்தான் கைகூடியது. முதல் நோயாளிக்குப் பொருத்தியது 1990 டிசம்பரில்.

அதுவரை விற்பதற்கு ஒரு பொருளும் கையில் கிடையாது. இந்தத் தோல்விகளை எந்தக் கம்பெனி தாங்கும்? அந்த ஆண்டுகளைச் சுமந்தது வரிப்பணம். வால்வு தேறிய பிறகு சென்னையின் டி.டி.கே. குழுமம் அதை உற்பத்திக்குக் கொண்டுபோனது. அதுவும் தேவையான பங்குதான். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள்.

இன்றைய நிலைமை எனக்குக் கவலை தருகிறது. ஆராய்ச்சிக்கு நாடு மொத்தமாகச் செலவிடுவது, 2020–21 கணக்குப்படி, உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 2023-ல் சட்டம் மூலம் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. நீலக்கல் தகடு உடைந்த மறுநாள், வெளியிலிருந்து பணம் போட யார் வந்திருப்பார்கள்? அந்த இடத்தில் அரசுதான் நிற்க வேண்டும்.

கேள்வி: என் மகள் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் இறுதியாண்டு. நண்பர்களோடு ஒரு கருவி செய்திருக்கிறாள். அரசு உதவி கிடைக்குமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கிடைக்கும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ‘பைராக்’ நிறுவனம் தரும் ‘பிக்’ மானியத்தில் 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்குப் பெறலாம். இது கடன் இல்லை. கல்லூரியிலோ அருகிலோ இருக்கும் இன்குபேஷன் மையத்தில் விசாரித்தால் விண்ணப்பிக்க வழிகாட்டுவார்கள்.

ஆனால் விண்ணப்பம் எழுதும் முன்பு மகளை ஒரு அரசு மருத்துவமனை வார்டில் சில நாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரை கருவி என்ன செய்யும், கையுறை போட்ட நர்ஸ் அந்தப் பட்டனை அழுத்த முடியுமா, ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் திரை மங்குமா? விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவும் இதைத்தான் துருவும். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி கருவி எந்த வகுப்பில் வரும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தில் செலவு பல மடங்காகும். மேசைமேல் நன்றாக வேலை செய்த எத்தனையோ கருவிகள் அங்கேதான் படுத்துவிடுகின்றன.

கேள்வி: அடுத்து எந்தத் தொழில்நுட்பத்துக்கு அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: என்னைக் கேட்டால், வாழ்நாள் மாத்திரை தேவைப்படாத, சீக்கிரம் கெட்டும் போகாத வால்வுக்கு. உலோக வால்வு பொருத்திய பெண் கருவுற்றால், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சிசுவைப் பாதிக்கலாம். நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. விலங்குத் திசு வால்வுக்கு அந்த மாத்திரை பொதுவாக நீண்ட நாள் வேண்டியதில்லை, ஆனால் இளவயதில் வேகமாகச் சுண்ணாம்பு படிந்து கெட்டுப்போகும், இன்னொரு ஆபரேஷன். பணக்கார நாடுகளில் வால்வு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ரூமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட நம் ஊர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கான வால்வை அங்குள்ள கம்பெனிகள் முதல் வேலையாக எடுத்துச் செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை.