யந்திரத்தின் கண்ணும் வைத்தியரின் தீர்ப்பும்



புராஸ்டேட் புற்றுநோயைச் செயற்கை நுண்ணறிவு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடும் என்று வகுப்பில் சொன்னார்களென்றும், அது உண்மைதானா என்றும் கேட்டு எழுதியிருந்தாய்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்த அச்சிறு சுரப்பியில் தோன்றும் புற்று, தொடக்கத்தில் பெரும்பாலும் எவ்வித உபத்திரவமும் தராது. ஆகையால் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவைச் சோதிக்கிறார்கள். அந்த அளவோ, புற்றே இல்லாமல் சுரப்பி வீங்கினாலும், கிருமி தாக்கினாலும் உயர்ந்துவிடும். புற்று இருப்பது நிச்சயமானாலும் சங்கடம் தீர்வதில்லை. சில புற்றுகள் வெகு மந்தமாக வளர்ந்து ஆயுள் முழுவதும் தீங்கு செய்யாமலே கிடப்பவை; அவற்றுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, சிறுநீரை அடக்க இயலாத துன்பத்தையும் தாம்பத்திய சக்தியின் இழப்பையும் வரவழைத்துக்கொள்வது பரிதாபம். ஆதலால் கொடியதையும் சாதுவானதையும் பிரித்தறிவதே இவ்வியாதியில் தலையாய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்க வைத்தியர் டொனால்ட் கிளீசன் 1966இல் வெளியிட்ட முறையை ஆதாரமாகக் கொண்டு, ஊசியால் எடுத்த திசுவில் சுரப்பியின் கட்டமைப்பு எவ்வளவு குலைந்திருக்கிறதென்று பார்த்துத் தரம் இடுகிறார்கள். ஒரே திசுவுக்கு இரு நிபுணர்கள் இரு தரம் இடுவது அபூர்வமன்று. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா கழகத்தார், 976 ஆண்களிடமிருந்து எடுத்து ஒரே தேர்ந்த நிபுணர் தரமிட்ட 6,682 திசுத் தகடுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு யந்திரம் ஒன்றுக்குக் குருகுலக் கல்வி அளித்தார்கள். பின்பு 23 நிபுணர்களோடு ஒப்பிட்டபோது, அது அவர்களுக்குச் சமமாகவே தரம் இட்டதென்று 2020இல் அறிவித்தார்கள்.

எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றி 2024இல் வெளியான சர்வதேச ஆராய்ச்சி இன்னும் கவனிக்கத்தக்கது. 20 தேசங்களைச் சேர்ந்த 62 நிபுணர்கள் பார்த்த அதே 400 பேரின் படங்களை வேறொரு யந்திரமும் பார்த்தது. அவர்கள் பிடித்த அளவு கொடிய புற்றுகளைப் பிடிக்கும்போது, வீண் சந்தேகங்கள் பாதியாகவும், சாதுவான புற்றைக் கிளறுவது ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. நமக்கு வேண்டியது இதுவே அல்லவா! ஆயினும், நோயாளியின் பூர்வ சரித்திரத்தை அறிந்து, சக வைத்தியர்களோடு கலந்து தீர்மானிக்கும் நித்திய வழக்கத்தோடு 1,000 பேர் விஷயத்தில் ஒப்பிட்டபோது, யந்திரம் அதற்குச் சளைத்ததன்று என்பது நிரூபணமாகவில்லை. படத்தை மட்டும் பார்ப்பதில் வல்லது யந்திரம்; மனிதனையும் சேர்த்துப் பார்ப்பவர் வைத்தியர்; ஆகவே அது அவருக்குத் துணையாக இருப்பதே முறை.

கணினி பயிலும் நீ இத்துறையில் இறங்குவாயானால், யாருடைய திசுக்களில் உன் யந்திரம் பழகியது என்பதை முதலில் விசாரி; ஓர் ஆய்வுக்கூடத்தின் சாயத்தில் பழகிய கண், வேறோர் இடத்துச் சாயத்தில் தடுமாறக்கூடும். உன் தகப்பனாருக்கு ஐம்பது கடந்துவிட்டது; பி.எஸ்.ஏ. சோதனையின் நன்மை தீமைகளை வைத்தியரிடம் கேட்டறிந்து முடிவு செய்யும்படி நான் சொன்னதாகச் சொல்.