ஒரே வரியில் ரிட்சி
கேள்வி: சி மொழியின் இலக்கணம் தெரிகிறது, எழுதும் பாணி பிடிபடவில்லை. மொழியை உருவாக்கியவரின் நிரலைப் படித்தால் உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும். டென்னிஸ் ரிட்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து 1978-இல் எழுதிய சி நூலில், எழுத்துச் சரத்தை நகலெடுக்கும் நிரல் படிப்படியாகச் சுருங்குகிறது. முதலில் அரே, அடுத்து பாயின்டர். கடைசியில் நகலெடுப்பது, நகர்வது, முடிவைச் சோதிப்பது மூன்றும் ‘வொயில்’ லூப்பின் அடைப்புக்குறிக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. லூப்பின் உடலில் வெறும் அரைப்புள்ளிதான்! சரத்தின் கடைசியில் இருக்கும் பூஜ்யமே ‘பொய்’ ஆகி லூப்பை நிறுத்திவிடுகிறது.

ஆனால், கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்கக் கூடாது. அந்த வரி, பெறும் இடத்தின் அளவைப் பார்ப்பதே இல்லை. சரம் நீளமானால் பக்கத்து நினைவகத்தில் வழிந்துவிடும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழு 1998-இல் கொண்டுவந்த மாற்று நிரல், அளவையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.